பாதி மருந்து

உட்கார்ந்தால் வலித்தது. நின்றால் கொஞ்சம் குறைந்தது. படுத்தால் இடம் மாறியது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, உடம்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத அந்த இடத்தில், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதுபோல ஒரு வலி. சில நாள் அது அடிவயிற்றுக்கு ஏறும், சில நாள் தொடைக்குள் இறங்கும். லாரி ஓட்டுகிறவனுக்கு வரவே கூடாத இடத்தில் வந்த வலி. கையில் வந்திருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டியிருப்பான். பல்லில் வந்திருந்தால் பிடுங்கிப் போட்டிருப்பான். உட்காருகிற இடத்தை எங்கே பிடுங்கிப் போடுவது?

லாரி ஷெட்டில் அவனை எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி, தொண்டை மட்டும் பெரிசு. ஷெட்டின் இந்த மூலையில் நின்று டீ கேட்டால் அடுத்த தெருவில் இருப்பவன் காசு எடுத்துக்கொண்டு வருவான் என்று கேலி செய்வார்கள். ஒரு வருஷமாக அந்தத் தொண்டை அடங்கிப் போயிருந்தது. குழந்தைகள் நீச்சல் பழகும் காற்று வளையம் ஒன்றை வாங்கி, துண்டைப் போட்டு மூடி, சீட்டில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினான். துண்டு விலகினால் வாத்துப் படம் தெரியும்.

அந்த லாரிக்கு இரண்டு டிரைவர். இன்னொருவன் ஸ்டெப்னி. என்றைக்கோ ஒரு டிரைவருக்குக் காய்ச்சல் கண்டு, மாற்றாளாக ஒரே ஒரு நடைக்கு வந்து ஏறினான். ஏறியவன் இறங்கவே இல்லை. மாற்று டயரின் பேரே அவனுக்கும் நின்றுவிட்டது. ஹாரனைவிட வயதில் சின்னவன், உடம்பில் இரண்டு மடங்கு. அவன் ஏறினால் கேபின் ஒரு பக்கம் சாயும். இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு போனால் ஒருவன் ஓட்ட ஒருவன் பின்னால் படுப்பான். பாதி வழியில் இடம் மாறிக்கொள்வார்கள்.

ஸ்டெப்னிக்கும் அதே வலி என்பது ஹாரனுக்கு ரொம்ப நாள் தெரியாது. ஹாரனுக்கு இருப்பது ஸ்டெப்னிக்கும் தெரியாது. இரண்டு பேரும் அடிக்கடி வண்டியை ஓரம் கட்டினார்கள். "டயர் என்னவோ மாதிரி இருக்கு, தட்டிப் பாத்துட்டு வரேன்" என்று இறங்குவான் ஒருவன். அடுத்த சுற்றில் மற்றவனும் அதையே சொல்லிவிட்டு இறங்குவான். உலகத்திலேயே அந்த லாரியின் டயர்களைப்போல அக்கறையாகக் கவனிக்கப்பட்ட டயர்கள் கிடையாது. ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பின்சக்கரத்தைப் பார்த்து நின்றார்கள். நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் சத்தம் இல்லை.

"அண்ணே," என்று அந்தப் பக்கமிருந்து ஸ்டெப்னி குரல் கொடுத்தான். "உங்க டயர்ல காத்து இறங்குதா?"

"எங்கடா இறங்குது. சொட்டு சொட்டா வருது. வர்றதும் மிளகாய் தடவின மாதிரி வருது."

"எனக்கும் அதேதாண்ணே."

பிறகு இரண்டு பேரும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்ததில் இன்னும் வலித்தது.

அதற்குப் பிறகு சேர்ந்தே டாக்டர்களைப் பார்த்தார்கள். ஒருத்தர் கிருமி என்றார், மருந்து கொடுத்தார். பரிசோதனையில் கிருமியே இல்லை. இன்னொருத்தர், "உடம்புல ஒண்ணுமில்லை, மனசைக் கவலையில்லாம வெச்சுக்குங்க" என்றார். வெளியே வந்ததும் ஸ்டெப்னி கேட்டான்: "மனசு அங்கேயாண்ணே இருக்கு?"

வீட்டில் ஹாரன் எதுவும் சொல்லவில்லை. மனைவியோடு இருந்துவிட்டுப் படுத்தால் அந்த இடம் விடிகிற வரைக்கும் எரிந்தது. அதனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பழகினான். அவள் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்தாள். "ரோட்டுலயே ஒரு குடும்பம் வெச்சாச்சா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்காததுதான் அவனுக்கு அதிகமாக உறுத்தியது.

இதற்கு நடுவில் மேனேஜர் ஷெட்டில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். "மழை விட்டதும் டிரைவர் எல்லாருக்கும் உடம்பு செக்கப். கம்பெனி டாக்டர் வருவார். உட்கார முடிஞ்சவன் ஓட்டலாம், முடியாதவன் ஷெட்டுல நின்னு தார்ப்பாய் தைக்கலாம். வாத்து மேல உட்கார்ந்து வண்டி ஓட்டறதெல்லாம் இனி நடக்காது." ஷெட்டே சிரித்தது. ஹாரனும் சிரித்தான். இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறொன்றும் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவன் தன்னை ஆள் என்று நினைத்ததே அந்த சீட்டில் உட்கார்ந்துதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் இந்த வலியை ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா இருக்கிறார், டிரைவர்களை வரச் சொல்கிறார் என்று யாரோ சொன்னார்கள். போனார்கள். மெலிந்த, சத்தம் போடாத பெண். முதலில் கையுறையை மாட்டிக்கொண்டு செய்ய வேண்டிய பரிசோதனையைச் செய்தார். ஸ்டெப்னி முகம் வெளுத்து வெளியே வந்தான்.

"ஆயில் லெவல் பாக்கற குச்சியை விட்டு எடுத்தாப்புல இருக்குண்ணே."

"லெவல் சரியா இருக்காமா?"

"கேக்கலை. கேக்கற நிலைமையிலயா இருந்தேன்?"

பிறகு இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்த விதத்தைப் பார்த்தே அவருக்குப் பாதி புரிந்தது. சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அது வீங்கிக் கொதித்துப் போயிருக்கிறது, கிருமி எதுவும் இல்லாமலே வீங்கியிருக்கிறது என்றார். யாரோ முதன்முதலாக அந்த இடத்துக்கு ஒரு பெயர் சொன்னதே ஹாரனுக்குப் பாதி ஆறுதலாக இருந்தது.

"பழைய ஆன்டிபயாடிக் ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டரம்மா. "முகப்பருவுக்கெல்லாம் குடுப்பாங்க. அது கிருமியைக் கொல்றது மட்டுமில்லை, வீக்கத்தையும் தணிக்குதுன்னு தெரிய வந்திருக்கு. இந்த வீக்கத்தையும் தணிக்குமான்னு பாக்கறோம். தணிக்கும்னு நான் சொல்லலை. பாக்கறோம்."

"பருவுக்கான மருந்தா?" என்று ஹாரன் கேட்டான். "கீழே வலி போகுதோ இல்லையோ, முகமாவது பளபளன்னு ஆயிடும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை பாட்டிலில் வரும், பாதிப் பேருக்கு வெறும் மாவு அடைத்த மாத்திரை வரும், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், யாருக்கு எது என்று தனக்கே தெரியாது என்று விளக்கினார். தெரிந்தால் மனசு விளையாடும், உண்மை தெரியாது. பாலோடு சாப்பிடக் கூடாது. வெயிலில் கையை மூடிக்கொள்ள வேண்டும், மருந்து உடம்பில் இருந்தால் தோல் சட்டென்று வெந்துபோகும். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

லாரிக்கு என்று ஒரு சட்டம் உண்டு. எந்தக் கம்பெனியும் எழுதி வைக்காத சட்டம். கேபினுக்குள் வந்தது இரண்டு பேருக்கும் பாதி. டீ ஒன்று வாங்கினால் இரண்டு கிளாஸ். ஒருவன் வீட்டிலிருந்து சோறு வந்தால் நடுவில் கோடு போட்டுச் சாப்பிடுவார்கள். போலீஸ்காரன் திட்டினால்கூட, "உனக்குப் பாதி, எனக்குப் பாதி" என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். ஒரே போர்வை, ஒரே தலையணை, தூக்கம்கூடப் பாதிதான். இந்தச் சட்டத்தை மீறியவனோடு யாரும் வண்டியில் ஏற மாட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியில் ஏறியதும் ஹாரன் இரண்டு பாட்டிலையும் கையில் வைத்துப் பார்த்தான். குலுக்கினான், முகர்ந்தான், வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு வித்தியாசமும் இல்லை.

"இதுல ஒருத்தனுக்கு மாவுடா."

"ரெண்டு பேருக்குமே மாவா இருந்தாலும் இருக்கும்ணே."

"இருந்தா இருக்கட்டும். ஆனா ஒருத்தனுக்கு மருந்தும் ஒருத்தனுக்கு மாவுமா வந்திருந்தா? நான் குணமாகி ஓட்டுவேன், நீ பின்னால படுத்துட்டு முனகுவ. இல்ல நீ ஓட்டுவ, நான் முனகுவேன். ஒரே வண்டில அது நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காது."

"அப்ப டப்பாவை எடு."

பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து, துடைத்து, இரண்டு பாட்டில் மாத்திரையையும் அதில் கொட்டி, மூடிக் குலுக்கினான். பிறகு சரிபாதியாக எண்ணி இரண்டு பாட்டிலிலும் போட்டான். யோசனை ஹாரனுடையது. ஸ்டெப்னி டப்பாவை மட்டும்தான் எடுத்துக் கொடுத்தான். புதுப் பாட்டில் வாங்கிய ஒவ்வொரு தடவையும் இதே குலுக்கல் நடந்தது. அதில் ஒளிவுமறைவு இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. டாக்டரம்மா கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

வலி போனது ஹாரனுக்குத் தெரியவில்லை. வலியை நினைக்காமல் இருந்ததுதான் தெரிந்தது. மலைப்பாதை முழுக்க ஏறி இறங்கி, ஒரு செக்போஸ்ட்டில் நின்றபோது, வழியில் ஒரு தடவைகூட இறங்கவில்லை என்பது சட்டென்று உறைத்தது. காற்று வளையத்தை உருவிப் பின்னால் எறிந்தான். வீட்டில் ஒரு நாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். மனைவி கரண்டியோடு நின்று பார்த்தாள். "என்ன, ரோட்டுக் குடும்பத்தைத் துரத்தி விட்டாச்சா?" என்றாள். அன்றைக்கு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவள் கோபப்பட்டாள், அழுதாள். "சொல்றதுக்கு உனக்கு ஒரு வருஷமா?" என்று முதுகில் ஓர் அடி வைத்தாள்.

தொண்டையும் திரும்பி வந்துவிட்டது. வண்டியில் பாட்டுப் பாடினான்.

"உனக்கு எப்படிடா இருக்கு?" என்று ஸ்டெப்னியைக் கேட்பான்.

"பரவாயில்லண்ணே. நல்லாத்தான் இருக்கு. உங்க பாட்டுதான் தாங்க முடியலை."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா முதலில் ஹாரனைப் பார்த்து அனுப்பினார். பிறகு ஸ்டெப்னியைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் ஹாரனையும் திரும்ப உள்ளே வரச் சொன்னார். ஸ்டெப்னி சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும் ஜன்னல் பக்கத்துக் கையை நீட்டுங்க."

நீட்டினார்கள். இரண்டு கையும் முழங்கைக்குக் கீழே சிவந்து, தோல் உரிந்து கிடந்தது.

"ஒரே மாதிரி வெந்திருக்கு."

"ஒரே வண்டி, ஒரே ஜன்னல், ஒரே சூரியன் மேடம்," என்றான் ஹாரன்.

"சூரியன் போன வருஷமும் இருந்துச்சு. அப்ப வெந்துச்சா?" ஹாரன் கையை இழுத்துக்கொண்டான். "ரெண்டு பேருக்குமே நிஜ மருந்து வந்திருக்கலாம். அப்படியும் நடக்கும். ஆனா நீங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்து முழிக்கற முழி சரியில்லையே."

ஹாரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? டப்பாவையும் குலுக்கலையும், லாரியின் சட்டத்தையும் நல்ல கதை சொல்வதுபோலக் கையை ஆட்டிச் சொன்னான். "ஒரு தடவைகூட இவனை ஏமாத்தலை மேடம். எண்ணித்தான் பிரிப்பேன்," என்று முடித்தான். சபாஷ் என்று சொல்லுவார் என்றுகூட எங்கேயோ ஓர் எதிர்பார்ப்பு இருந்தது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் ஹாரன் தாங்கியிருப்பான். பாதி ஸ்டெப்னிக்குக் கொடுத்திருப்பான்.

"உங்களை மாதிரி உட்கார முடியாதவங்க எத்தனையோ பேர் வெளியில இருக்காங்க," என்றார். "மனசுதான் காரணம்னு சொல்லி அனுப்பி வெக்கறாங்க. அவங்களுக்குச் சொல்ல ஒரு பதில் வேணும். மருந்து சாப்பிட்டவங்களையும் சாப்பிடாதவங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் அந்தப் பதில் கிடைக்கும். நீங்க சாப்பிட்டவரும் இல்லை, சாப்பிடாதவரும் இல்லை. உங்க ரெண்டு பேரையும் ஆராய்ச்சியிலேருந்து எடுத்துட வேண்டியதுதான்."

"ஒருத்தன் சாப்பிட ஒருத்தன் பாத்துட்டு இருக்கறது எங்களால முடியாது மேடம்."

"எனக்கு மட்டும் அது சுலபமா? மாவைக் குடுத்து அனுப்பிட்டுத் தூங்கறது?" என்றார் அவர். குரல் அப்போதுதான் கொஞ்சம் உயர்ந்தது.

யாருக்கு எந்தப் பாட்டில் போனது என்று மேலிடத்தில் கேட்டுச் சொல்ல வேண்டும், அது விதி என்று இன்னொரு நாள் வரச் சொன்னார். போனார்கள். உறையைப் பிரித்துப் படித்தார்.

"உங்களுக்கு வந்ததெல்லாம் மாவு," என்று ஹாரனிடம் சொன்னார். "மருந்து வந்தது அவருக்கு. எல்லாத் தடவையும்."

ஹாரன் கணக்குப் போட்டுப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆனது. டப்பாவில் விழுந்த மருந்து முழுக்க ஸ்டெப்னியுடையது. தான் போட்டது வெறும் மாவு. மாவைப் போட்டுக் குலுக்கி, மருந்தை எடுத்துத் தின்றிருக்கிறான்.

"போனாப் போகுது," என்றான். "ரெண்டு பேருக்கும் குணமாச்சுல்ல. இவனும் நல்லாத்தான் இருக்கான்."

டாக்டரம்மா ஸ்டெப்னியைப் பார்த்தார். "உட்காருங்க," என்றார்.

"இருக்கட்டும் மேடம்."

"உட்காருங்க."

ஸ்டெப்னி நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்ல இறங்கினான். பல்லைக் கடித்ததில் தாடை புடைத்தது. ஹாரன் அந்தத் தாடையைப் பார்த்தான். இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அதைப் பார்க்கவில்லை. பாடிக்கொண்டிருந்தான்.

"இவர் என்கிட்ட ஒவ்வொரு தடவையும் வலி குறையலைன்னுதான் சொல்லியிருக்கார்," என்றார் டாக்டரம்மா.

"இவன் முழுசா சாப்பிட்டிருந்தா குணமாகியிருக்குமா மேடம்?"

"தெரியாது."

"உத்தேசமாவாவது சொல்லுங்க."

"இவர் உடம்பு பெரிசு, வீக்கமும் உங்களைவிட அதிகம். பாதி மருந்து போதாம இருந்திருக்கலாம். முழுசா குடுத்தும் கேக்காம போயிருக்கலாம். உங்களுக்குக் குறைஞ்சதே மருந்தாலயா, நம்பிக்கையாலயா, தானாகவேவான்னு எனக்குத் தெரியாது. இதைத் தெரிஞ்சுக்கத்தான் இத்தனை பாடு." இப்போது ஸ்டெப்னிக்கு முழு மருந்து கொடுக்கலாமே என்று ஹாரன் கேட்டதற்கு மறுப்பாகத் தலையை அசைத்தார். ஆராய்ச்சியிலிருந்து விலக்கியவருக்கு அந்த மருந்தைத் தர முடியாது. அரைகுறையாக ஆன்டிபயாடிக் ஓடிய உடம்பில் உடனே மறுபடி கொடுப்பதும் நல்லதில்லை, கடையில் வாங்கிச் சாப்பிடவும் கூடாது. முடிவு வரட்டும், நல்ல முடிவாக இருந்தால் தானே கூப்பிட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். எப்போது என்று கேட்டதற்கு, அடுத்த வருஷ மழைக்கு முன்னால் இருக்காது என்றார்.

வண்டியில் ஏறியும் ஹாரன் சாவியைத் திருப்பவில்லை.

"ஏண்டா பொய் சொன்னே?"

"எப்பண்ணே?"

"பரவாயில்லை பரவாயில்லைன்னு."

ஸ்டெப்னி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். "ரொம்ப நாள் கழிச்சுப் பாட ஆரம்பிச்சீங்க. எனக்குக் குறையலைன்னு சொன்னா உங்க பங்கையும் என் பக்கம் தள்ளி விட்டிருப்பீங்க."

தள்ளி விட்டிருப்பேனா என்று ஹாரன் தன்னையே கேட்டுப் பார்த்தான். ஆமாம் என்று பதில் வர வேண்டும் என்று காத்திருந்தான். மலைப்பாதையில் வலியில்லாமல் உட்கார்ந்த அந்த நாளுக்குப் பிறகு, அந்தப் பாட்டிலை யார் கேட்டாலும் கொடுத்திருப்பானா என்பது அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

மழை விட்டது. கம்பெனி டாக்டர் வந்தார். ஹாரன் மர நாற்காலியில் சொன்ன நேரம்வரை உட்கார்ந்து எழுந்தான். ஸ்டெப்னி பாதியில் எழுந்துவிட்டான். மேனேஜர் ஒன்றும் கேலி பேசவில்லை. பெரிய ஊசியையும் நைலான் கயிற்றையும் கொடுத்து, தார்ப்பாய்க் குவியலைக் காட்டினார். ஹாரனோடு புதிதாக ஒருவன் ஏறினான். டீ வாங்கினால் தனியாகக் குடித்தான். ஹாரன் அவனிடம் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

ஒரு மாதம் போல ஸ்டெப்னியை ஷெட்டில் தூரத்திலிருந்து பார்த்துக் கையைத் தூக்கிவிட்டுப் போனான். பிறகு ஒரு விடுமுறை நாளில் அவன் வீட்டுக்குப் போனான். ஸ்டெப்னி தூங்குகிறான் என்று அவன் மனைவி சொன்னாள். சலவைக் கடையில் வேலை பார்ப்பவள், கைகள் சோடாவில் வெளுத்துப் போயிருந்தன. உள்ளே வரச் சொல்லி நாற்காலியைப் போட்டாள். ஹாரன் உட்கார்ந்தான்.

"நல்லா உட்கார்றீங்களேண்ணா," என்றாள்.

அவனுக்கு உடனே எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. எழவில்லை.

"எங்க வீட்டுக்காரரு மருந்தைத்தான் நீங்க சாப்பிட்டீங்களாமே?"

"தெரிஞ்சு சாப்பிடலைம்மா."

"தெரியாமத்தான். அவரும் அதையேதான் சொல்றாரு. உங்களை ஒரு வார்த்தை சொல்ல விட மாட்டேங்கறாரு." தண்ணீர்ச் செம்பை அவன் முன்னால் வைத்தாள். "படுத்தா ஒரு பக்கம், எழுந்தா ஒரு பக்கம். தார்ப்பாய் தைக்கறவரு ராத்திரி முழுக்க நின்னுட்டே இருக்காருண்ணா. நான் சண்டைக்குக் கேக்கலை. திருப்பித் தர ஏதாவது வழி இருக்கா?"

"டாக்டரம்மாகிட்ட திரும்பவும் போய்க் கேட்டேன். அடுத்த வருஷ மழைக்கு முன்னால இல்லைங்கறாங்க."

"அவங்களை விடுங்க. உங்களால?"

ஹாரன் தண்ணீரைக் குடிக்கவில்லை. உள்ளே கட்டில் சத்தம் கேட்டது. ஸ்டெப்னி தூங்கவில்லை.

"என்னால முடியாதும்மா," என்றான். அந்தப் பெரிய தொண்டையிலிருந்து வந்தது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

அவள் சரி என்று தலையாட்டினாள். கோபம்கூட இல்லை. சலவைக்கு நேரமாகிறது என்று புறப்பட்டாள்.

ஹாரன் மறுநாள் விடியற்காலை கம்பி ஏற்றிக்கொண்டு கிளம்பினான். சாலை மோசம், வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், எங்கேயும் வலிக்கவில்லை. ஸ்டெப்னிக்கு வந்த மருந்தில் பாதி அவன் உடம்பில் இருந்தது. அதை அவன் இன்னும் திருப்பித் தரவில்லை.